யார் கையால் அமுக்குவது?

என் பிரியமுள்ள சுமதி அப்பாவுக்கு,

அங்கேயாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

எனக்கு அலுப்பாக இருக்கிறது. கடையில் நாள் முழுக்க நிற்கிற அலுப்பு இல்லை, அது பழகிவிட்டது. நீங்கள் போன பிறகு என் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத அலுப்பு.

முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள், "அந்தம்மா கையால எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க" என்று என்னைக் கேட்டு நின்றது உங்களுக்குத் தெரியும். பிறகு கடைப் பெண்கள் எல்லோரும் போனிலேயே பங்கு வாங்கப் பழகினார்கள். புதிதாகப் பங்குச் சந்தைக்கு வருகிற கம்பெனிக்கு ஊரே விண்ணப்பம் போடும், குலுக்கலில் சிலருக்குத்தான் விழும். அதனால் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, கடைசிப் பட்டனை மட்டும் அமுக்கச் சொல்லி என்னிடம் நீட்டுவார்கள்.

நீங்களும்தான் நீட்டினீர்கள். "சூதாட்டம்டி இது" என்று திட்டிக்கொண்டே, ஆட்டோவைக்கூட அணைக்காமல், "சட்டுனு அமுக்கு, சவாரி காத்துக்கினு இருக்குது" என்பீர்கள். உங்களுக்கு ஒரு தடவைகூட விழவில்லை. "உன் கைராசி ஊருக்குத்தான்" என்று சிரிப்பீர்கள். அதற்குப் போய் ஏன் அவ்வளவு கோபப்பட்டேன்?

காரியமெல்லாம் முடிந்து கடைக்குத் திரும்பிய அன்று முதலாளி தன்மையாகத்தான் சொன்னார். "இனிமே நீ காட்டன் பக்கம் பாத்துக்கமா. உனக்கும் ரெஸ்ட்டா இருக்கும்." முகூர்த்தப் பட்டு என்னோடு வேலை பார்க்கிற கஸ்தூரியிடம் போனது. அடுத்த கம்பெனி வந்தபோது போன்களும் என்னைத் தாண்டி அவளிடம் போயின. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. நெஞ்சுவலி வந்தது உங்களுக்கு, பழி என் கைக்கா? அன்றிலிருந்து யார் போனை எடுத்தாலும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன்.

போன வாரம் பில் போடுகிற பவித்ரா காட்டன் பக்கம் வந்து போனை நீட்டினாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம்.

"கல்யாணப் பொண்ணு நீ. கஸ்தூரிகிட்ட குடுமா" என்றேன்.

"பொடவைக்கா கூப்புடறேன்? போனுக்குதானக்கா. அமுக்கு."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அமுக்கினேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அவளுக்கு விழுந்துவிட வேண்டும் என்று காமாட்சி அம்மனைக் கெஞ்சிக்கொண்டே இருந்தேன். பங்குக்காக இல்லை. விழாவிட்டால் என் கைக்கு என்ன பெயர் வரும் என்று பயந்துதான்.

விழவில்லை. நேற்று டீ குடிக்கிற நேரத்தில் எல்லோருடைய போனிலும் முடிவு வந்தது. கஸ்தூரிக்கும் இல்லை. தன் கையால்தான் அமுக்கியிருந்தாள், அவள் கையை யாரும் குறை சொல்லவில்லை. என்னை மட்டும் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய் புடவை மடிக்க ஆரம்பித்தேன்.

பவித்ரா பின்னாலேயே வந்தாள். "இன்னாக்கா, டீய வெச்சிட்டு வந்துட்ட? அடுத்த வாரம் இன்னொண்ணு வருது. கைய காலியா வெச்சிக்கோ."

விழாத பிறகும் கேட்கிறாள், பாருங்கள். அழுகை வந்தது, மூக்கைத் துடைத்துக்கொண்டு "சரி, போ" என்றேன்.

முகூர்த்தப் புடவைக்கு அவள் என்னைக் கேட்பாளோ மாட்டாளோ, தெரியாது. கேட்டால் கஸ்தூரியிடம் போ என்று சொல்ல மாட்டேன். கேட்காவிட்டாலும் இந்தக் கையை இனி முந்தானைக்குள் ஒளிக்க மாட்டேன். நீங்கள் கடைசியாகப் பிடித்துக்கொண்டிருந்த கை இது.

இப்படிக்கு,
உங்கள் சுமதி அம்மா