பாவின் இரு பக்கமும் நடந்தவர்கள்

1942 ஜூலை 14, செவ்வாய்

மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில். விருதுநகரிலிருந்து வரும், கரிப்புகையில் ஓடும் பஸ் சத்திரத்து வாசலில் நின்றிருந்தது. ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களாம். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக்காரர்கள். ரங்கூன் அரிசி ஆலைக்கும் வயல் வேலைக்கும் போனவர்கள். சொந்த ஊருக்குப் போகலாம் என்றால் அங்கே கண்மாய் காய்ந்து கிடக்கிறது, உறவுக்காரர்களுக்கே கஞ்சி இல்லை. அதனால் அருப்புக்கோட்டைச் சத்திரம்.

மூட்டை இல்லாமல் பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டத்தை இன்றுதான் பார்த்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

ஜூலை 19, ஞாயிறு

தெருவில் வீட்டுக்கு ஒரு நாள் கஞ்சி என்று முறை வைத்திருக்கிறோம். இன்று எங்கள் முறை.

அவர்களில் ஒருத்தி, முத்துத்தாய். முப்பது வயது இருக்கும். பேசுவதில்லை. விரலைக் காட்டி இரண்டு கலயம் கேட்கிறாள். ஒன்றைக் குடிக்கிறாள். மற்றதை மூடிவைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளோடு வந்த செல்லக்கிளியிடம் கேட்டேன்.

"அது அவ வீட்டுக்காரருக்கு, டீச்சரம்மா. பால்சாமின்னு பேரு. வார வழியில ஆத்தங்கரையில காச்சலோட படுத்துட்டாரு. நீ கூட்டத்தோட போ, நான் பின்னாடியே வாரேன்னு சொன்னாரு. அன்னைக்கு நின்ன பேச்சுதான் இவளுக்கு."

"பின்னாடி வந்தாரா?"

செல்லக்கிளி என் முகத்தைப் பார்த்தாள். "எங்களுக்குப் பின்னாடி யாருமே வரல."

ஜூலை 26, ஞாயிறு

அணைத்த விளக்கை மறுபடி ஏற்றிவிட்டேன். எழுதாமல் தூக்கம் வராது.

எங்கள் தெருப் பெண்களுக்கு மனசு இளகினால் சும்மா இருக்கத் தெரியாது. இன்று எல்லோருமாகச் சத்திரத்துக்குத் துட்டி கேட்கப் போனார்கள். இறந்த வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொண்டு அழுது ஆறுதல் சொல்லும் முறைதான். நல்லது என்று நினைத்து நானும் போனேன். பாலாமணி அக்காதான் முன்னால். ஒப்பாரிக்கு அவரை மிஞ்சின குரல் இங்கே கிடையாது. அவருடைய மகன் ஜோதிலிங்கம் சிங்கப்பூரில் துணிக்கடையில் இருந்தான். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்த மாசியிலிருந்து அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அதைப் பற்றி அவரிடம் பேச யாருக்கும் தைரியம் வராது. அடுத்தவர் வீட்டுத் துட்டிக்கு மட்டும் முதல் ஆளாக நிற்பார்.

முத்துத்தாயைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து பால்சாமியின் பேரைச் சொல்லி அழுதார்கள். பாலாமணி அக்கா அவளுடைய கண்ணாடி வளையலில் கை வைத்தார். அவ்வளவுதான். மூடிவைத்திருந்த கலயத்தை எடுத்து வீசினாள். அக்காவின் நெற்றி பிளந்து ரத்தம்.

செத்தவர்களுக்குச் செய்வதை இன்னும் வராத ஒருவருக்குச் செய்துவிட்டோம். இது எப்படி எங்களில் ஒருத்திக்கும் தோன்றாமல் போயிற்று? எனக்கு?

ஆகஸ்ட் 2, ஞாயிறு

தெருவே கொதிக்கிறது. "சோறு போட்ட கையிக்கு மண்டையில அடியா?" "சத்திரத்தக் காலி பண்ணச் சொல்லுங்க." கஞ்சி முறையில் இரண்டு வீடு கழன்றுகொண்டது.

முத்துத்தாயின் கணவருக்கு அண்ணன் இருளப்பசாமி நரிக்குடிப் பக்கமிருந்து வண்டி கட்டி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே பேசினார்.

"கார்த்திக வரைக்கும் பாப்பேன் டீச்சரம்மா. அதுக்குள்ள தெளியலேன்னா, பித்துப் பிடிச்சவுகள வச்சுக்கிடுற எடம் ஒண்ணு இருக்கு, அங்க கொண்டுபோயி விட்டுருவேன்."

"சங்கிலி போடுவார்களே!"

"போடுவாக. கஞ்சியும் ஊத்துவாக. எங்க வீட்டுல அது ரெண்டும் இல்ல."

கார்த்திகை. அதற்குள் என்ன செய்ய? பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறேன். சுவரைப் பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 24, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு இன்று தாமதமாகப் போனேன். தலைமை ஆசிரியை நானே! போகட்டும். நடந்ததை வரிசையாக எழுத வேண்டும் — எனக்கு வரிசையே வரவில்லை.

என் வீட்டுக்காரர் காரியதரிசியாக இருக்கும் நெசவாளர் சங்கத்துக்கு ரொம்ப நாள் கழித்து நூல் வந்தது. பாலாமணி அக்காவுக்கு ஒரு பாவு, தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல், கிடைத்தது. விடியலில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை விறைக்கக் கஞ்சிப் பசையும் போட்டுவிட்டார். பிரஷ் பிடிக்க வருவதாகச் சொன்ன ஆண்கள் வரவில்லை. காந்தியைப் பிடித்த ஆத்திரத்தில் தந்திக்கம்பி அறுத்தவர்களைப் போலீஸ் தேடுகிறது என்று இரவோடு இரவாக மல்லாங்கிணறு பக்கம் போய்விட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் தேய்த்து உலர்த்தாவிட்டால் இழை எல்லாம் ஒட்டிக் கட்டையாகிவிடும். நூலும் போச்சு, தீபாவளியும் போச்சு.

பாவுக்குப் போடும் பிரஷ் ஒரு ஆள் வேலை இல்லை. பாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஆளுக்கு ஒரு முனை பிடித்து ஒரே நடையாகப் போய்த் திரும்ப வேண்டும். ஆண்கள்தான் பிடிப்பார்கள். இன்று பாலாமணி அக்கா கொசுவத்தைச் செருகிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்துவிட்டார். மறு முனையை நான் பிடித்தேன். நாலு எட்டு போவதற்குள் மூன்று இழை அறுந்தது.

"ஏ லட்சுமி, இது என்ன கூட்டல் கணக்கா? நின்னு நின்னு போறியே!"

அப்போது என் கையிலிருந்து முனையை யாரோ வாங்கினார்கள். முத்துத்தாய். சத்திரத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "காட்டுல களை எடுத்தவ கை பட்டா இழை நிக்குமா?" என்று பின்னால் ஒரு குரல். பாலாமணி அக்கா தன் முனையைத் தூக்கிப் பிடித்தார். நெற்றிக் காயத்தில் இன்னும் மருந்துப் பத்துப் போட்டிருந்தார். இருவரும் போனார்கள். திரும்பினார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. கண் இரண்டு பேருக்கும் இழையில். மறுபடி போனார்கள். திரும்பும்போது,

"இங்கிட்டு மலை இல்ல" என்றாள் முத்துத்தாய்.

குரல்! தூசி அடைத்த குரல்.

அக்கா தலை தூக்கவில்லை. "இல்ல. நேரா நட."

போனார்கள். வந்தார்கள்.

"அவுக மெதுவாத்தான் நடப்பாக. காச்சல்."

யார் என்று அக்கா கேட்கவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "ம்" என்றார். அந்த ஒரு 'ம்' போதுமாக இருந்தது. பாவு உலரும்வரை முத்துத்தாய் பேசிக்கொண்டே நடந்தாள், ஆற்றையும் சேற்றையும் யாரோ கொடுத்த ஒரு பிடி அரிசியையும் பற்றி. அக்கா 'ம்' போட்டுக்கொண்டே நடந்தார்.

 நான் அறுத்த மூன்றைத் தவிரப் பாவில் ஒரு இழை கெடவில்லை!

ஆகஸ்ட் 25

ஒரு துக்கத்தைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படலாமா? கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

செப்டம்பர் 6, ஞாயிறு

யோசித்துப் பார்க்கிறேன். நாங்கள் அவர்களை உட்கார வைத்தோம். நடந்து நடந்து ஓய்ந்தவர்கள், துரும்பை எடுக்கக் கூடாது என்று பாய் விரித்தோம். பிறகு முகத்துக்கு நேரே உட்கார்ந்து, எப்படி வந்தீர்கள், யார் செத்தார்கள் என்று கேட்டோம். பாவில் யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். பதில் சொல்ல வேண்டாம். கால் பாட்டுக்கு நடக்கிறது. வாய் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம்.

தெருவில் எந்த வீட்டுப் பாவு என்றாலும் இப்போது சத்திரத்துப் பெண்கள் வருகிறார்கள். செல்லக்கிளி நேற்று நடந்தபடியே அழுதாள். எதிரில் நடந்தவள் நிற்காமல் நடந்தாள். நானும் உற்சாகத்தில் யார் யாரோடு எந்தக் கிழமை என்று அட்டவணை ஒன்று போட்டேன். இவரிடம் காட்டினேன்.

"மணி அடிக்கவும் ஆள் போடணுமா டீச்சர்?" என்றார்.

கிழித்துவிட்டேன். அவர்களாகவே சேர்ந்துகொள்கிறார்கள். ஒரே ஒரு விதி, அதுவும் பாலாமணி அக்கா சொன்னது: "கேக்கப்படாது. சொன்னா நடந்துக்கிட்டே கேட்டுக்கிடணும்."

செப்டம்பர் 20, ஞாயிறு

சிரித்து வயிறு வலி. எங்கள் பெண்கள் பழக்கத்தில் தமிழ் இல்லாத எங்கள் வீட்டு பாஷையில் ஏதோ சொல்ல, முத்துத்தாய் பிரஷை நிறுத்தினாள்.

"என்னையத்தானே பேசுறீக?"

"ஆமா, பின்ன? வாத்து நடை நடக்கிறான்னு பேசுறோம்" என்றார் அக்கா.

முத்துத்தாய் பர்மா பாஷையில் ஏதோ நீளமாகச் சொன்னாள். சத்திரத்துப் பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என்னவென்று எங்களுக்குச் சொல்ல மறுத்துவிட்டார்கள். கழன்றுபோன இரண்டு வீடும் இன்று கஞ்சி முறைக்குத் திரும்பிவிட்டன.

செப்டம்பர் 27

இன்று பேசியது முத்துத்தாய் இல்லை, பாலாமணி அக்கா. அறுந்த இழையை முடிந்துகொண்டு பக்கத்தில் நின்றதால் என் காதில் விழுந்தது.

"எம் மகனுக்குக் கத்தரிக்காதான் பிடிக்கும். மாசியிலருந்து நான் கத்தரிக்காயே வாங்கல."

"ம்" என்றாள் முத்துத்தாய்.

அடுத்த தெருவரைக்கும் ஓடிவிட வேண்டும் போலிருந்தது எனக்கு. இது சத்திரத்துக்காரர்களுக்கு நாங்கள் செய்யும் உபகாரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே!

அக்டோபர் 18, ஞாயிறு

மழை. தெருவில் பாவு கட்ட முடியாது. சங்கத்திலும் நூல் இல்லை. ஒரு வாரமாக முத்துத்தாய் மறுபடி சுவரைப் பார்க்கிறாள். கார்த்திகை கிட்டத்தில். பயமாக இருக்கிறது. வேறு ஒன்றும் எழுத ஓடவில்லை.

அக்டோபர் 20, செவ்வாய்

பாலாமணி அக்கா மழையில் நனைந்துகொண்டே சத்திரத்துக்குப் போனார். பிரஷ் கையில். நீண்ட கூடத்தின் இரண்டு கோடித் தூணுக்கும் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினார். "ஏ முத்து, எந்திரி. பிடி."

"நூலு எங்க?"

"நூலு வரும்போது வரட்டும். நடக்கிறதுக்கு என்ன?"

நூல் இல்லாத பாவுக்குப் பிரஷ் போட்டார்கள்! விஷயம் கேட்டு இவர் சிரித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய் ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். திரும்பி வந்து குடையை மடிக்காமலே திண்ணையில் உட்கார்ந்தார். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாதல்லவா!

நவம்பர் 29, ஞாயிறு

வண்டிச் சத்தம் கேட்டதுமே தெரிந்துவிட்டது. இருளப்பசாமி.

மழை விட்டுப் பாலாமணி அக்காவின் அடுத்த பாவு தெருவில் கிடந்தது. முத்துத்தாய் பிரஷோடு நடப்பதைப் பார்த்து அவர் அசந்துதான் போனார். ஆனால் சத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "தெளிஞ்சிருச்சுன்னு காயிதம் போட்டீக. இன்னமும் செத்தவனுக்குக் கஞ்சி மூடி வச்சிருக்காளே! கருமாதி செய்யவும் விடமாட்டேங்கா. வா தாயி, வண்டியில ஏறு" என்றார்.

 படித்த நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். முத்துத்தாய்தான் பேசினாள்.

"செத்தாருன்னு நீங்க பாத்தீகளா மச்சான்? நானும் பாக்கல. நாளைக்கு வந்துருவாருன்னும் சொல்லல. எடுத்து வக்கிறேன். அம்புட்டுத்தான்."

"ஊருல நாலு பேரு என்ன சொல்லுவாக?"

பாலாமணி அக்கா பிரஷைப் பிடித்தபடியே சொன்னார். தெருவே கேட்கும்படி. "எம் மகன் ஜோதிலிங்கம் சிங்கப்பூருல என்ன ஆனான்னு தெரியல. அவனுக்கும் நான் தினம் வட்டில்ல சோறு எடுத்து வக்கிறேன். என்னையும் வண்டியில ஏத்திக்கிடுங்க."

 அவர் வீட்டில் அப்படி ஒரு வட்டில் சோறு இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

இருளப்பசாமி துண்டை மடித்தார். பிரித்தார்.

"வெயில் ஏறுது" என்றார் அக்கா. "நின்னுக்கிட்டு இருந்தா எம் பாவு என்னத்துக்கு ஆகும்? இந்தாங்க, பிடிங்க." தன் முனையை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அந்த மனிதர் கலப்பை பிடிப்பது போலப் பிடித்தார். முதல் நடையிலேயே பட் பட்டென்று இழை அறுந்தது. "அண்ணாச்சி, இது கரிசக்காடு இல்ல, அமுக்காதீக!" என்று செல்லக்கிளி கத்தினாள். தெரு சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். எதிர்ப்பக்கத்தில் முத்துத்தாய் அவர் நடைக்குத் தக்கபடி தன் நடையைக் குறைத்துக்கொண்டாள்.

மூன்றாவது நடையோ நாலாவதோ. இழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சின்னதுல அவன் நடக்கவே மாட்டான். திருச்சுழித் தேருக்கு என் தோளுலதான் வருவான்." 

"ம்" என்றாள் முத்துத்தாய்.

பாவு உலர்ந்ததும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். வண்டி வெறுமனே போயிற்று. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன். நாற்பத்து மூன்று வயதில்! இவர் பார்த்துவிட்டார். பார்க்கட்டும்.

1943 ஜனவரி 14, வியாழன்

பொங்கல். முத்துத்தாய் இப்போது பாலாமணி அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். இருவரும் சேர்ந்து பாவு வேலைக்குப் போகிறார்கள். முந்தாநாள் சத்திரத்துக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. துட்டி கேட்கக் கிளம்பிய பெண்களை வாசலில் மறித்துத் திருப்பி அனுப்பியவள் முத்துத்தாய்.

நான் போனபோது அடுப்பங்கரையில் கலயம் ஒன்று, வட்டில் ஒன்று, இரண்டிலும் பொங்கல் எடுத்து மூடியிருந்தது. கத்தரிக்காய்க் குழம்பு மணம். பேசிக்கொண்டிருந்தோம். உச்சி வெயில் திரும்பியதும் அக்கா, "ஏ முத்து, ஆறுது, எடு" என்றார். முத்துத்தாய் ஜோதிலிங்கத்தின் வட்டிலை எடுத்துச் சாப்பிட்டாள். அக்கா பால்சாமியின் கலயத்தை எடுத்துச் சாப்பிட்டார். தினமும் அப்படித்தானாம்.

விதியை மீறிக் கேட்டுவிட்டேன். "அவர்கள் வந்துவிட்டால்?"

"வந்தா புதுசாப் பொங்கிக்கிருவோம்" என்றாள் முத்துத்தாய், விரலை நக்கிக்கொண்டே.

பிறகு இரண்டையும் கழுவி, முற்றத்து வெயிலில் கவிழ்த்து வைத்தாள்.