உன்னிடம் மட்டும் சொன்னவள்

மச்சான்,

இன்று காலை மனைவி பழப்புளி போட்டு வெற்றிலை வட்டாவைத் துலக்கினாள். புளியும் பித்தளையும் கலந்த அந்த மணம் வந்ததுமே உன்மேல் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. போய்ச் சேர்ந்தவன்மேல் பொறாமைப்படுகிற மடையன் ஊரில் நான் ஒருத்தன்தான்.

ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தோம். நீ வாத்தியாரானாய், நான் ஓ.எல். பரீட்சை எழுதிய கையோடு இங்கே படுவான்கரைக் கிராமத்தில் வயலுக்குள் இறங்கினேன். அதில் பொறாமை இல்லை. மகள் விஷயம்தான் வேறு.

டவுன் பள்ளிக்கூடத்தில் உன் வகுப்பில் என் மகளோடு படித்த காத்தான்குடி முஸ்லிம் பிள்ளை தாயை "உம்மா" என்று சொல்லும்போதெல்லாம் இவள் அதை இழுத்துச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாள். அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறப்பதையே விட்டுவிட்டது. நீ என்னைக் கூப்பிட்டதும், "ரெண்டு போடு மச்சான்" என்றேன். நீ கேட்டதோ எங்கள் வட்டாவை. கோபம் தீர்ந்து சேரும்போது வட்டா நீட்டுவது அவர்கள் வீட்டிலும் உண்டு, எங்கள் வீட்டிலும் உண்டு. நானும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் நிரப்பிக் கொண்டுவந்தேன்.

"புள்ளையள வெத்திலை சப்ப வைக்கப் போறியாடா?" என்று சிரித்தாய்.

எல்லாரையும் வட்டமாக இருத்தினாய். வட்டா யார் கையிலோ அவர்தான் பேசலாம். "நான் எங்கட உம்மாவ வேற எப்பிடிக் கூப்பிடுற?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. வட்டா என் மகளிடம் வந்தது.

"மன்னிப்புக் கேள் புள்ள!" என்றேன் பின்னாலிருந்து.

"உன்ர கையில வட்டா இல்ல. பேசாம இரு" என்றாய்.

அவள் அழுதாள். "சேர், நான் வந்த புதுசில என்ர படுவான்கரைப் பேச்சுக்கு எல்லாரும் சிரிச்சவங்க. வீட்ட சொல்லல்ல. இவட பேச்சுக்குச் சிரிச்சா என்ர பேச்ச விட்டுருவாங்க எண்டு நினைச்சன்."

வட்டா என்னுடையது, பிள்ளை என்னுடையது. சொன்னது மட்டும் உன்னிடம்! பிறகு காலைக் கூட்டத்தில் இருவரும் தத்தம் வீட்டுப் பேச்சிலேயே கதை சொன்னார்களாம். உன் செத்தவீட்டில் கைகோத்து நின்று அழுதார்கள். எனக்கு இப்படி யார் அழுவார்கள் என்று அங்கேயும் ஒரு கணக்குப் போட்டேன்.

போன கிழமை அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். நாக்கு நுனியில் ஆயிரம் கேள்வி. மண்வெட்டிக்குப் பிடி போடுகிறவனாகச் சும்மா இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அப்பா, ஒருத்தருக்கும் சொல்லப்படாது."

என்ன சொன்னாள் என்று உனக்கும் சொல்லமாட்டேன், மச்சான்.