கூப்பிடும் பட்டன்

வியாழக்கிழமை, இரவு.

என் மனைவி சரோஜாவால் தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு பேச முடியாது என்று டாக்டர் சொன்னதும், அவள் வீட்டில் வழக்கமாகப் பேசும் வாக்கியங்களை அவள் குரலிலேயே பதிந்துகொண்டேன். பட்டனைத் தொட்டால் போன் அவற்றைப் பேசும்படி ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன். நிருபர் வேலைக்காகக் கற்ற அரைகுறை நிரலறிவு அதற்குப் போதுமாக இருந்தது. போன ஆடியில் அவள் இறந்துபோனாள். இன்று அந்த மென்பொருளை ஒரு கட்டற்ற மென்பொருள் குழுவுக்குக் கொடுத்துவிட்டேன். குரல் இழந்த யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

குழுவைச் சேர்ந்த நிவேதா சிங்காநல்லூரிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று சரோஜாவின் பதிவுகளை நீக்கி, இயந்திரக் குரலை வைத்தாள். நான் சம்மதித்ததுதான். கூப்பிடும் பட்டனுக்கு வந்ததும் நின்றாள்.

"இதுல 'ஏனுங்க'ன்னு மட்டும் இருக்குதுங்க சார். யாரக் கூப்பிடறாங்க?"

"என்னையத்தான் அம்மணி."

"பேரே சொல்ல மாட்டாங்களா?" என்று சிரித்தாள்.

பதிந்த அன்று நானும் கேட்டேன். ஒரே ஒரு தடவை சொல்லிவிடு என்றேன். "இத்தன வருசமாச் சொல்லாதத மெசினுக்குச் சொல்லோணுமாக்கும், போங்க" என்று சரோஜா அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டாள்.

நிவேதா பெயர் எழுத ஒரு கட்டம் சேர்த்தாள். சோதிப்பதற்கு என் பெயரையே அடித்துப் பட்டனைத் தொட்டாள்.

"சிவசாமி" என்றது ஒரு பெண் குரல்.

நாங்கள் குடியிருந்த இந்த வீட்டில் ஒரு பெண் குரல் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது இதுதான் முதல் தடவை.

"சரியா இருக்குதுங்களா சார்?"

உச்சரிப்பில் பிழை இல்லை. சரியாக இருக்கிறது என்றேன்.