அம்மாவுக்குப் போட்ட மார்க்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள மகன் பிரவின்ராஜுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் சுஜாவும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகன் துணை. நான் நன்றாக இருக்கிறேன். உன் அம்மா எப்படி இருக்கிறாள் என்பதைத்தான் நீ கணக்குப் போட்டே தெரிந்துவைத்திருக்கிறாயே, இருந்தாலும் பெற்றவன் சொல்வதையும் ஒருமுறை கேள். ஃபோன் என்றால் நீ இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்வாய், எனக்குப் பேச்சு நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன்.

கிழக்கேகோட்டையில் பைக்காரன் அம்மாவை இடித்துத் தள்ளிவிட்டுப் போய் இன்றோடு நாற்பத்தேழு நாள். முதல் வாரம் தலை ஸ்கேன் ரிப்போர்ட்டை அனுப்பச் சொன்னாய், அனுப்பினேன். அதை ஏதோ கம்ப்யூட்டர் கணக்கில் போட்டுப் பார்த்து, அம்மா இனித் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள நூற்றுக்குப் பதினெட்டுதான் வாய்ப்பு என்றாய். படித்த பிள்ளை, பயத்தில் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன். ஆனால் போன வாரம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஷாஜி டாக்டருக்கு மெயில் போட்டு, பயிற்சி வார்டு வேண்டாம், கல்லாறு போகிற வழியில் இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிடலாம், குடும்பத்துக்குச் சம்மதம் என்று எழுதியிருக்கிறாய். எந்தக் குடும்பம்டா? முப்பத்தைந்து வருஷமாக அவளோடு இருக்கும் நான் அதில் சேர்த்தி இல்லையா? உன்னைவிட நம் கடையில் மூட்டை தூக்கும் தாசையன் எவ்வளவோ மேல். தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்கு வந்து, மைனி எப்படி இருக்காவ என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறான்.

பயிற்சி வார்டில் கட்டில் பன்னிரண்டுதான், தேறுகிற அறிகுறி தெரிந்தால்தான் இடம் தருவார்கள். அதைப் பார்க்க தினமும் காலையில் ஜிஷா என்ற பெண் வந்து ஒரே கேள்விகளைக் கேட்டு மார்க் போடுவாள். அப்போது நாம் வெளியே போய்விட வேண்டும், பதிலை எடுத்துக்கொடுத்துவிடுவோமாம். பதினோரு நாளாக உன் அம்மாவின் மார்க் ஏறவில்லை. அந்தத் தாளை வைத்துத்தான் நீயும் முடிவு கட்டினாய். செவ்வாய்க்கிழமை நான் போகமாட்டேன் என்று கட்டிலோரத்திலேயே நின்றுகொண்டேன். ஜிஷா பத்து வரை எண்ணச் சொன்னாள். அம்மா அஞ்சு வரை வந்தாள், கொஞ்சம் நிறுத்தினாள், அடுத்து ஏழு என்றாள். தப்பு என்று ஜிஷா குறித்துக்கொண்டாள். பர்த்தாவின் பேரு எந்தா என்று கேட்டாள். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்கும் பூஜ்யம். ஏலே, உன் அம்மா என் பேரைச் சொல்லி நீ என்றைக்காவது கேட்டிருக்கிறாயா? ரேஷன் கடையில்கூட உன்னைத்தானே சொல்லச் சொல்வாள். இந்த ஆறுமுகநயினாரைக் கட்டிய நாளிலிருந்து அவள் வாயில் ஆறு என்ற எண்ணே வந்ததில்லை. ஆறு முட்டை வேண்டுமென்றால் அஞ்சும் ஒண்ணும் என்பாள். எந்த ஊர், எந்த மாதம் என்று தெரியாமல் கிடந்தபோதும் இதை மட்டும் அவள் விடவில்லை, அதற்குத்தான் தினமும் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள்.

நான் போட்ட சத்தத்தில் வார்டே கூடிவிட்டது. ஷாஜி டாக்டர் ஓடிவந்து, அது எங்களுக்கு அறியில்லல்லோ சேட்டா என்றார். அவருக்குத் தெரியாது, சரி. எனக்குமா தெரியாது? பதினோரு நாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேனே, உள்ளே என்ன கேட்கிறீர்கள் என்று ஒருமுறை விசாரித்தேனா? அந்தக் கோபமும் சேர்ந்துதான் உன்மேல் வருகிறது, வரட்டும். பிறகு கேள்வியை மாற்றி, மகன் பேர் என்ன, எங்கே இருக்கிறான் என்று கேட்டார்கள். பிரவின்ராஜ், கனடா என்று உடனே சொன்னாள். உன் பிறந்தநாளையும் சொன்னாள், அதை யாரும் கேட்கவே இல்லை. மறுநாளே பயிற்சி வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இனி அவள் விஷயத்தில் முடிவு என்னுடையது, மகன் மெயில் செல்லாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அதற்காகப் பழைய பூமாரியாக எழுந்து வந்துவிடுவாள் என்று டாக்டர் சொல்லவில்லை. வலது கை இன்னும் மடங்கவில்லை. சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடி சோறு கேட்கிறாள், இல்லையென்றால் என்மேல் எரிந்து விழுகிறாள். இரண்டு வருஷம்வரை தேறிக்கொண்டே வருகிறவர்கள் உண்டு, பாதியில் நின்றுவிடுகிறவர்களும் உண்டு, ஆயிரம் பேரை வைத்துப் போட்ட கணக்கு, இந்த ஒருத்தி எப்படி ஆவாள் என்று சொல்லாது என்றார். உன் பதினெட்டு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பதினெட்டில் அவள் இருக்கமாட்டாள் என்று உனக்கு யார் சொன்னார்கள்?

வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. சுஜாவுக்கு என் ஆசீர்வாதம். எவ்வளவு திட்டினாலும் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கும்பிடுகிறேன். ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வை. இத்தனை நாளில் டாக்டரைக் கூப்பிட்டாய், என்னைக் கூப்பிட்டாய், அம்மா காதில் ஃபோனை வையுங்கள் என்று ஒருமுறைகூட நீ சொல்லவில்லை. பேச்சு வந்ததிலிருந்து சாயங்காலமானால் அவள் உன்னைத்தான் கேட்கிறாள். நீ தூங்கும்போது அவன் கூப்பிட்டான் என்று அவளிடம் சொல்லிவைப்பேன். மறுநாள் மறந்துவிடுவாள், நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்றுக் கேட்கிறாள், தெனமும் நான் உறங்கும்போதேயா கூப்பிடுதான் என்று.

இப்படிக்கு,
உன் அப்பா,
சு. ஆறுமுகநயினார்.