கைதி சோணைமுத்துவைக் கண்டறிந்தவர் பெயர்

அனுப்புநர்
திருமதி இவாஞ்சலின் (வயது 76),
க/பெ காலஞ்சென்ற ஜேசுதாசன்,
இராஜபாளையம்.

பெறுநர்
காப்பாட்சியர் அவர்கள்,
வட்டார வரலாற்றுக் காட்சிக்கூடம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

பொருள்: அந்தமான் கைதி சோணைமுத்து பற்றிய பலகையில், அவரைக் கண்டறிந்தவர் பெயரையும் பிற பிழைகளையும் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சோணைமுத்து என் கணவருடைய பாட்டனாரின் பாட்டனார். 1868-இல் ஆயுள் தண்டனை பெற்று அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்டவர். குடும்பத்தில் அவரைக் கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போனவர் என்றே சொல்லிவந்தார்கள். உண்மையைக் கண்டறிந்தவள் நான். ஒன்பது ஆண்டுகளில் பதினொரு முறை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குச் சென்று, பென்சிலால் பார்த்தெழுதிய இரண்டு நோட்டுகள் என்னிடம் உள்ளன. கன்னியர் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு பெற்றவள் நான். படிக்கத் தங்களுக்குச் சிரமம் இராது.

2. என் கணவரின் தங்கை திருமதி ஜெயபாய் அந்நாளில் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்: “மதினி, செத்துப்போன களவாணியத் தோண்டி எடுத்து என்ன செய்யப் போறீக? நம்ம பெனினுக்குப் பொண்ணு பாக்க வேண்டாமா?” பெனின் அவருடைய பேரன்.

3. சென்ற மாதம் தங்கள் கூடத்தில் திறக்கப்பட்ட பலகையில் ‘கண்டறிந்தவர்: வாரிசு திருமதி ஜெயபாய்’ என்றிருக்கிறது. அவருக்கு முதல் வரிசை நாற்காலி, பொன்னாடை, செய்தித்தாளில் படம். எனக்கு நான்காம் வரிசை, மின்விசிறிக் காற்று எட்டாத இடம். பொன்னாடை அவருக்கு நன்றாகவே பொருந்தியது. அதை நான் மறுக்கவில்லை. ஆட்சேபித்தபோது தங்கள் அலுவலர், “நீங்க மருமகதானம்மா, அவுகல்லா ரத்த சொந்தம்” என்றார். ஐயா, அந்த ரத்தம் ஒருநாளும் எழும்பூருக்கு ரயிலேறவில்லை.

4. பலகையில் சோணைமுத்துவின் ஊர் கூமாப்பட்டி என்றுள்ளது. அது தவறு. அவர் ஊர் வ. புதுப்பட்டி. அவர் தண்டனை பெற்ற வழக்கில் களவு போன நான்கு உழவு மாடுகளுக்கு உரியவர்தாம் கூமாப்பட்டிக்காரர். வரி மாறிப் பார்த்து, முதல் நோட்டில் அப்படி எழுதிவிட்டவள் நான். நான் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் முதல் பிழை இது. இரண்டாம் நோட்டில் திருத்திவிட்டேன். என் முதல் நோட்டைத் தவிர வேறு எந்த ஆவணத்திலும் இந்தப் பிழை இல்லை. கண்புரை அறுவைக்குப் பின் பத்து நாள் எதையும் படிக்கக் கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்நாட்களில் எனக்குச் சொட்டு மருந்து விட வந்து தங்கியவர் ஜெயபாய். முதல் நோட்டு தலைமாட்டு அலமாரியில் இருந்தது. மருந்தை நேரம் தவறாமல் விட்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

5. எடுத்ததையும் முழுதாக எடுக்கவில்லை. ‘வெள்ளையரை எதிர்த்ததால் நாடு கடத்தப்பட்டவர்’ என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். சோணைமுத்து நால்வரோடு சேர்ந்து, காவலாளியைக் கட்டிப்போட்டு மாடு ஓட்டியவர். தீவில் பதினோராம் ஆண்டு, சிறைக்கு வெளியே குடியிருக்க அனுமதிக்கும் நன்னடத்தைச் சீட்டுப் பெற்று, பெண் கைதி ஒருத்தியை மணந்து, கத்தரிக்காய் பயிரிட்டு, 1891-இல் காய்ச்சலில் இறந்தார். ஊரில் அப்போது அவர் மனைவி பொன்மணி உயிரோடிருந்தார். அந்தத் திருமணப் பதிவைப் படித்த அன்று பொன்மணிக்காக எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ஆயினும் அந்த வரியை நான் விட்டுவிடவில்லை. ஜெயபாய் விட்டுவிட்டார்.

6. ஆகவே அவர் செய்த குற்றத்தையும் இரு மனைவியரையும் உள்ளபடி எழுதி, ஊரைத் திருத்தி, கண்டறிந்தவர் என்னும் இடத்தில் என் பெயரைப் பொறிக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். வாரிசு என்ற சொல் ஜெயபாய்க்கே இருக்கட்டும்.

7. என் பெயரைச் சேர்க்க விதி இடம் தராதெனில், மற்றவற்றைத் திருத்திவிட்டு, கூமாப்பட்டி என்பதை மட்டும் அப்படியே விட்டுவைக்கக் கோருகிறேன். அந்தப் பலகையில் என்னுடையது என்று நான் காட்டக்கூடியது அது ஒன்றுதான்.

தங்கள் எழுத்துமூலமான பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
இவாஞ்சலின் ஜேசுதாசன்

இடம்: இராஜபாளையம்
நாள்: 12.08.2024

இணைப்பு: இரு நோட்டுகளின் நகல் பக்கங்கள். அசல் என் கையை விட்டு இனிப் போகாது; நேரில் வந்து பார்க்கலாம்.