சந்தியில் மறித்தவர்கள்

யாட்டெங்கா, புர்கினா பாசோ
05.02.2023

மச்சாள் ஸகியா,

கடிதம் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. இங்கே சிக்னல் கிழமைக்கு இரண்டு தடவைதான் வரும், கால் மணித்தியாலம் நிற்கும், போய்விடும். கையால் எழுதிப் படம் பிடித்து வைத்திருந்தால் வரும்போது அனுப்பலாம். நீயும் அப்படியே செய். போனில் கதைத்தால் பத்தாவது நிமிடம் சண்டை பிடிக்கிறோம். எழுதினால் அனுப்பும் முன் ஒரு தடவை வாசித்துப் பார்க்கலாம்.

நான் வேலை செய்யும் சிகிச்சை நிலையத்தில் போன மாதம் நாற்பத்தொரு பிள்ளைகள் பிறந்தன. ஐம்பத்து மூன்று வயதில் மருத்துவிச்சி வேலைக்கு ஆபிரிக்காவுக்குப் போகிறாளாம் என்று எங்கள் ஆரையம்பதியில் கதைத்தவர்களிடம் சொல்லு.

இந்த ஊர் ஒரு பழைய இராச்சியம். யாட்டெங்கா என்று பெயர். ஐந்நூறு வருசத்துக்குக் கிட்ட முன்னம் யாடெகா என்றொருவன் பதவிப் போட்டியில் தோற்றுத் தெற்கிலிருந்து வந்து பிடித்தானாம். அவனுடைய தங்கச்சி அரசச் சின்னங்களைக் களவெடுத்துக்கொண்டு வந்து தமையனிடம் கொடுத்தாளாம். அவன் வழி வந்த அரசன் இன்றும் இருக்கிறான். அவனை நாபா என்கிறார்கள். குதிரையில் வந்த மோசிகளின் தலைவன் அவன். ஆனால் மண் அவனுடையதில்லை. முன்பே அங்கிருந்த குடிகளுக்குத்தான் மண்ணுக்குப் பலி கொடுக்கிற உரிமை, அரசனும் அதில் கை வைக்க மாட்டான். மூன்றாவதாக யார்சே என்று ஒரு கூட்டம். வேறு தேசத்திலிருந்து வந்த முஸ்லிம்கள். நெசவு, யாவாரம். தங்கள் பாசையை விட்டுவிட்டு இப்போது மோசிப் பாசைதான் கதைக்கிறார்கள். அவர்களின் கடைத்தெருவில் நடந்தபோது உங்கள் காத்தான்குடியில் நடக்கிறேன் என்றே நினைத்தேன்.

நாட்டு நிலைமை நல்லதில்லை. வடக்கே ஆயுதக்காரர், றோட்டு அடிக்கடி பூட்டு. அதை விடு. அம்மாவுக்குத்தான் மனம் கிடந்து அடிக்கிறது. எண்பது வயது, தனி வீடு. பக்கத்து வீட்டுப் புஸ்பம் மாமி பார்க்கிறா, ஆனால் அவவுக்கும் முழங்கால் வருத்தம். உன் வீட்டிலிருந்து இரண்டு மைல்கட்டை தூரம்தானே. ஒரு நாளைக்கு எட்டிப் பார்த்துவிட்டு வாவேன்.

உன்,
சுலோஜனா


காத்தான்குடி
19.02.2023

சுலோவுக்கு என் ஸலாம்.

உன் கடிதத்தை மகள் றுக்ஷானா போனில் பெரிதாக்கிக் காட்டினாள். உன் கையெழுத்து பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், நெல்லுக் கொட்டினதுபோல. பேரனுக்கு இரண்டு பல்லு வந்துவிட்டது. ஆளைக் கண்டால் கடிக்கிறான்.

யார்சே ஆட்களைப் பற்றி எழுதியிருந்தாய். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது, மறுகா யோசித்தேன். வந்தவர்கள், வந்தவர்கள் என்று எழுதியிருக்கிறாயே, எங்களையும் வந்தவர்கள் என்று சொல்ல வருகிறாயா? பள்ளிக்கூடத்தில் உன் சரித்திர ரீச்சர் சொன்ன கதைதானே. உங்கள் முக்குவர் குடிக்கும் திமிலர் குடிக்கும் சண்டை, எங்கள் ஆட்கள் முக்குவருக்கு உதவி செய்தார்களாம், என்ன வேணும் என்று கேட்டதற்குப் பெண் கேட்டார்களாம், முக்குவர் கொடுத்தார்களாம். அப்படிப் பார்த்தால் நானும் உங்கள் வீட்டுப் பெண் பிள்ளையின் வழிதான். அதுதானே உன் அம்மா என்னை மருமகள் என்று கூப்பிட்டா, நான் மாமி என்றேன். அந்தக் காலம்.

அம்மாவைப் பார்க்கச் சொல்கிறாய். சுனாமி முகாமில் நாம் திரும்பக் கண்டு, கட்டிப்பிடித்து அழுது பதினெட்டு வருசமாகிறது. அதற்குப் பிறகு எத்தனை தரம் நீ என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாய். நான் உன் வீட்டுக்கு ஒரு நாளும் வரவில்லை. ஏன் என்று நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது திடீரென்று போ என்றால் எப்படிப் போவது?

வட்டிலப்பம் அவித்துப் புஸ்பம் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். கடைக்குத் துணி எடுக்க வந்திருந்தா. யார் தந்தது என்று சொல்ல வேண்டாம் என்றேன்.

ஸகியா


யாட்டெங்கா
26.03.2023

மச்சாள்,

வந்தவர்கள் என்று எழுதியது என் பிழை என்றால் மன்னித்துக்கொள். ஆனால் சொல்கிறேன், இங்கே அரசனே வந்தவன்தான். எங்கள் முக்குவரும் தோணியில் வந்தவர்கள்தான். யார் முதலில் என்று இங்கே கேட்டுத்தான் இப்போது ஆளை ஆள் கொல்கிறார்கள்.

நான் ஒரு வெட்கக்கேடு செய்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என்னோடு வேலை செய்யும் அசேத்தா மோசிப் பெண். அவளுடைய தகப்பன் போன கிழமை இறந்துபோனார். அடக்கம் செய்யத் தூக்கிக்கொண்டு போகும்போது எங்கள் வாகனச் சாரதி தோயே குறுக்கே போய்ப் பாதையில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிட்டான். அவன் சாமோ என்ற இனம். "என்ட அடிமை என்னைக் கேக்காம செத்துப் போனான், இனி எனக்கு ஆர் தண்ணி அள்ளுற" என்று கத்துகிறான். எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. ஓடிப் போய் அவனைச் சேட்டில் பிடித்துத் தூக்கினேன். தமிழில் ஏசினேன். "பிரேதத்தை மறிக்கிறியா, நீ மனுசனா" என்று கேட்டேன்.

பிறகுதான் அசேத்தா விளங்கப்படுத்தினாள். மோசியும் சாமோவும் முன்னொரு காலம் ஒருவரை ஒருவர் சூறையாடி, பெண் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன ஆட்கள். சண்டை முடிந்த பிறகு இந்தக் கேலி முறை வந்ததாம். ரக்கீரே என்கிறார்கள். சந்தையில் கண்டால் நாய்த்தலை தின்கிறவன் என்று ஏசலாம். செத்த வீட்டில் பாடையை மறிக்கலாம். மற்றவன் கோபிக்கக் கூடாது. கோலாக் கொட்டை கொடுத்தால் வழி விடுவான். நம்முடைய பாக்கு மாதிரி ஒரு கொட்டை, அதையும் மெல்லுகிறார்கள். சாமோக்காரன் மறிக்காமல் விட்டால்தான் செத்தவனுக்கு மரியாதை இல்லை. தோயேவுக்கு அந்த மனிதர் என்றால் உயிர். அவனுக்கு நான் கோலாக் கொட்டை பத்துத் தண்டமாகக் கொடுத்தேன்.

ஒன்று விளங்கியது. மோசிக்கும் ஃபுலானி மாட்டுக்காரருக்கும் இந்தக் கேலி முறை இல்லை. இப்போது ஃபுலானிப் பெண்கள் பிள்ளைப் பேற்றுக்கு எங்களிடம் வரப் பயப்படுகிறார்கள், வழியில் மோசிக் காவலர் மறிப்பார்கள் என்று. அந்த மறிப்புக்குக் கோலாக் கொட்டை போதாது.

ஸகியா, எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று உனக்குத் தெரியும். தொண்ணூற்றிரண்டில் அப்பாவின் பிரேதத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்தோம். உங்கள் சந்தியில் மறித்தார்கள். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றோம். மறுகா திரும்பிப் போய் நாவற்குடாவில் தோணி பிடித்து வாவியால் கொண்டு போனோம். மறித்தவர்களில் முன்னால் நின்றவன் உன் தம்பி நௌஷாட். நான் வாகனத்துக்குள் இருந்து பார்த்தேன். முப்பது வருசம் வாய் திறக்கவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

சுலோ


காத்தான்குடி
02.04.2023

சுலோ,

நோன்பு நேரம் கோபம் கூடாது என்பார்கள். மூன்று நாள் எழுதாமல் இருந்து பார்த்தேன், ஆறவில்லை.

நௌஷாட் நின்றான், ஓம். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அதற்கு இரண்டு வருசம் முன்னம் எங்கள் வாப்பா பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த இடத்திலேயே தமிழ் இயக்கக்காரரால் சுடப்பட்டு மௌத்தானார். ஸுஜூதில் இருந்தவரை நெற்றி நிலத்தில் பட்டபடியே எடுத்தார்கள். அவரைப் பிரட்டிப் பார்த்தவன் நௌஷாட். சுட்டது உன் அப்பா இல்லை என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். அந்த வயதில் அந்தக் கோபம் யாரிலாவது போய் விழ வேண்டியிருந்தது, உன் அப்பாவின் பிரேதத்தில் விழுந்தது.

நான் ஜன்னலில் நின்றேன். வாகனத்துக்குள் நீ இருந்ததைக் கண்டேன். நீ என்னைத்தான் பார்த்தாய். நான் ஜன்னலைச் சாத்தினேன். அதைத்தான் நீ எழுதவில்லை. எழுதாமல் விட்டது எனக்காக என்று தெரியும், அதுவே எனக்குப் பெரிய அடி.

ஆனால் நீ ஒன்றைக் கேள். வாப்பா மௌத்தான வீட்டுக்கு உன் அம்மா வரவில்லை. சின்னதில் எனக்குச் சோறு ஊட்டிய மனுசி. பயம், றோட்டுப் பூட்டு, எல்லாம் விளங்கும். ஆனால் பிறகாவது வந்திருக்கலாம். ஒரு வருசம், இரண்டு வருசம், பத்து வருசம். வரவில்லை. என் உம்மா சாகும்வரை "கண்ணகை வரல்லையே புள்ள" என்று கேட்டுக்கொண்டிருந்தா. அந்த வாசலை நான் எப்படி மிதிப்பது? உங்கள் ஆபிரிக்கக்காரர் ஐந்நூறு வருசமாகக் கேலி பண்ணிப் பழகியிருக்கிறார்கள். நமக்கு முப்பது வருசம்தானே ஆகிறது. இன்னும் கேலி வரவில்லை.

போக மாட்டேன். என்னை வற்புறுத்தாதே.

ஸகியா


யாட்டெங்கா
21.05.2023

ஸகியா,

உன் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. நீ சொன்னதில் பிழை இல்லை. அம்மா வரவில்லை. நானும் அவவைப் போகச் சொல்லவில்லை. அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், உன் உம்மாவிடமும்.

புஸ்பம் மாமியின் குரல் பதிவு வந்தது. அம்மாவை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். ஆளைத் தெரியவில்லையாம், நாள் கணக்குத்தானாம். இங்கே றோட்டு முழுக்கப் பூட்டு. ஹெலிகொப்டர் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன், உள்ளே வருகிறேன், திரும்ப வாசலில் நிற்கிறேன். பிள்ளை பெற வந்தவளுக்கு மருந்தை மாற்றிக் கொடுக்கப் போய்விட்டேன். அசேத்தா கண்டு பறித்தாள்.

நான் போய்ச் சேர மாட்டேன் ஸகியா. எனக்குத் தெரியும்.

உன்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லவில்லை. வீட்டுக்கும் போக வேண்டாம். ஒன்றே ஒன்று. அம்மாவைக் கொண்டு வரும் வாகனம் உன் வாசலால்தான் போகும். அப்போது ஜன்னலைச் சாத்தாதே. அவ்வளவும் போதும் எனக்கு.

சுலோ


காத்தான்குடி
30.05.2023

என் சுலோ,

உனக்குச் செய்தி வந்திருக்கும். நேற்றுக் காலையில் மாமி போய்விட்டா. உன் சித்தப்பா மகன் நிலோஜன் கொள்ளி வைத்தான். வலி இல்லாமல் போனா என்று புஸ்பம் அக்கா சத்தியம் பண்ணினா. அழு. அழுதுவிட்டு மிச்சத்தை வாசி.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து எடுக்கிறார்கள் என்று புஸ்பம் அக்கா போன் எடுத்தா. நௌஷாட் வாசலில் ஓட்டோ துடைத்துக்கொண்டிருந்தான். "கண்ணகை மாமி இந்தப் பக்கத்தால வாறா" என்றேன். துணியைக் கீழே போட்டான். மறுகா, "நான் என்ன செய்ய, ராத்தா?" என்று கேட்டான். தொண்ணூற்றிரண்டில் அவன் யாரையும் கேட்கவும் இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை. உன் கடிதத்தை எடுத்து தோயே அந்தப் பாடையை மறித்த இடத்தை வாசித்துக் காட்டினேன்.

ஜன்னலைச் சாத்தாதே என்று எழுதியிருந்தாய். நான் வீட்டையே பூட்டிவிட்டுச் சந்திக்குப் போனேன்.

வாகனம் வந்தது. நௌஷாட் நடு றோட்டில் நின்று கையை நீட்டினான். அதே இடம், சுலோ. சாரதி பிறேக் போட்டான். முன்னால் இருந்த நிலோஜனின் முகம் வெளிறிவிட்டது. கடைக்காரர் வெளியே வந்துவிட்டார்கள், யாரோ "என்னடாப்பா செய்ற" என்று நௌஷாட்டைப் பிடிக்க ஓடி வந்தார்கள். செய்தது பிழையோ என்று அந்த நேரம்தான் தோன்றியது. ஆனால் நிறுத்தியாயிற்று. பின்பக்கக் கதவடிக்குப் போய் மாமியைப் பார்த்து ஏசினேன்.

"என்ன மாமி, வாப்பா மௌத்தான வீட்டுக்கு வர வழி தெரியல்ல, இப்ப மட்டும் எங்கட றோட்டுத் தெரியுதா? மருமகள் ஒருத்தி இருக்கிறாள் எண்டு மறந்து போச்சா? ஆரைக் கேட்டுப் போறீங்க? வழி விட மாட்டம்."

நிலோஜன் இறங்கப் போனான். அப்போது உள்ளே இருந்த புஸ்பம் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தா. அவவுக்கு உன் ஆபிரிக்கா ஒன்றும் தெரியாது. ஆனால் மருமகள்காரி மாமியை ஏசுகிற முறை தெரியும்.

"நீ மட்டும் திறமோ?" என்று திருப்பிக் கொடுத்தா. "வட்டிலப்பத்தக் குடுத்துவிட்டுட்டுப் பேரைச் சொல்லாத எண்டவள் தானே நீ. முதல் கரண்டியிலயே கிழவி கண்டுபிடிச்சிட்டா. 'இது ஸகியாட உம்மா அவிக்கிற பதம், அவள் ஏன் வரல்ல' எண்டு சாகும்வரைக்கும் என்ட உசிரை எடுத்தவ."

வாகனக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். புஸ்பம் அக்காவும் அழுதா, அழுதுகொண்டே சிரித்தா. மறுகா மடிக்குள் இருந்து ஒரு பாக்கை எடுத்து என் கையில் வைத்து, "இந்தா, வழியை விடுகா" என்றா.

விட்டோம். நௌஷாட் தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு வாகனத்துக்கு முன்னால் நடக்கத் தொடங்கினான். ஏறு என்றதற்கும் ஏறவில்லை. வெயிலில் ஆரையம்பதிவரை நடந்தே வந்தான். உன் வீட்டு வேலியடியில் நின்றான், உள்ளே வரவில்லை. நிலோஜன்தான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து கதிரை போட்டான்.

நான் வாகனத்தில் மாமியின் கால்மாட்டில் இருந்து வந்தேன். உன் வீட்டு வாசலில் இருந்த கமுகு இரண்டையும் வெட்டிவிட்டார்கள் போல, இடம் பிடிபடவில்லை. பெண்கள் ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள். ஒருத்தி விலகி இடம் விட்டாள், நான் இருந்தேன். உனக்காகவும் சேர்த்துத்தான் இருந்தேன்.

எங்கள் தெருவில் இன்றைக்கும் இதே கதைதான். ஸகியாவுக்குப் பைத்தியம் என்கிறவர்களும் உண்டு. இருக்கட்டும்.

புஸ்பம் அக்கா தந்த பாக்கு என் அலுமாரியில் இருக்கிறது. ஆனால் அது மாமிக்கு வழி விட்டதற்கு. உன் கணக்கு வேறு. நீ எத்தனை தரம் வந்து சாப்பிட்டிருந்தாலும், வாப்பாவின் மௌத்துக்கு என்று ஒரு நாளும் வரவில்லை. றோட்டுத் திறந்ததும் புறப்பட்டு வா. வரும்போது அந்தக் கோலாக் கொட்டையில் ஒன்று கொண்டு வா. வெறுங்கையோடு வந்தால் சந்தி தாண்ட விட மாட்டேன், நௌஷாட்டும் நானும் நிற்போம்.

உன் மச்சாள்,
ஸகியா