ஆர்த்தி என்ற பெயரில் நின்ற என் அக்காவுக்கு

எங்கள் வீட்டுப் பெரிய பெண்ணே, என் அபிக்கா,

நீ படித்த பல்கலைக்கழகத்தில்தான் நானும் சேர்ந்திருக்கிறேன். போன வருடம் இந்த நேரத்தில் இரட்டைச் சடையும் ரிப்பனுமாகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள், இப்போது தினமும் கடலூரில் பஸ் ஏறிச் சிதம்பரத்தில் இறங்குகிறேன். நீ போன அதே வழி. வேறு வழி இல்லையே அக்கா.

பயமாகத்தான் இருக்கிறது. செம்மங்குப்பம் வந்ததும் ரசாயன ஆலைகளின் நாற்றத்துக்கு எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் அப்போதே கண்ணையும் மூடிக்கொள்கிறேன். தோழி வீட்டுக்கென்று நீ இறங்கி, சாலையைக் கடந்த அந்த நிறுத்தம் அதற்கப்புறம்தான் வரும். எதிரே லாரியின் ஹாரன் கேட்டால் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறேன். நான் பிடித்தால் லாரி நின்றுவிடுமா? ஆனாலும் பிடிக்கிறேன்.

அம்மா என்னைவிடப் பயப்படுகிறாள். "ஏறிட்டியா?" என்று ஒரு போன். "ஒக்கார எடம் கெடச்சுதா? படிகிட்ட நிக்காத" என்று இன்னொன்று. "எறங்கிட்டேம்மா" என்று நான் சொல்லும்வரை அவளுக்கு வேலை ஓடுவதில்லை. அப்பா எதுவும் கேட்பதில்லை. முதுநகர்ப் பட்டறையில் படகு இன்ஜினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார். நீ போன பிறகு உன் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

இந்த வருடம் உன் வகுப்பு படிப்பை முடிக்கிறது. முடித்துப் போகிறவர்களுக்காக மாணவர்களே சேர்ந்து ஆண்டு மலர் கொண்டுவருகிறார்கள். தமிழில் பிழை பார்க்க ஆள் தேவை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. பெயர் கொடுத்தேன். பிழை பார்க்கவா போனேன்? அந்தப் புத்தகத்தில் நீ இருப்பாயா என்று பார்க்கப் போனேன். உன் தங்கை என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியும். பள்ளியில் அந்தப் பார்வையை நிறையவே வாங்கியாகிவிட்டது.

மலரின் பொறுப்பாளர் கீர்த்தனா அக்கா. பக்கங்களை வடிவமைப்பவர் பிரவீன் அண்ணா. இருவரும் வேறு துறை, உன்னை அவர்களுக்குத் தெரியாது. முதல் நாளே பிரவீன் அண்ணா எனக்குப் பாப்பா என்று பெயர் வைத்துவிட்டார்.

"பாப்பா, ஸ்பெல்லிங்க மட்டும் பாரு. டிசைன்ல கைய வச்ச, கைய ஒடிச்சுருவேன்."

"ஏன்டா அவள மெரட்டுற? போன வருஷம் டீன் போட்டோவயே தலைகீழா வச்சவன்தான நீ?" என்றார் கீர்த்தனா அக்கா.

ஒவ்வொரு வகுப்புக்கும் எதிரெதிராக இரண்டு படங்கள் வரும். ஒன்று சேர்ந்த வருடம் எடுத்தது, மற்றது இப்போது எடுத்தது. சேர்ந்த வருடப் படத்துக்கு எல்லோரையும் வருகைப்பதிவு வரிசையிலேயே நிற்க வைப்பது வழக்கம். அதனால் பிரவீன் அண்ணா இந்த வருடப் பெயர்ப் பட்டியலை எடுத்து, இடமிருந்து வலமாக அப்படியே படத்துக்குக் கீழே போட்டுக்கொண்டு போவார். யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

ஒரு மதியம் உன் வகுப்பின் பக்கம் என்னிடம் வந்தது. முன்வரிசையில் முதல் ஆள் நீ. மாம்பழ நிறச் சுடிதார். வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாய். உனக்குக் கீழே ஆர்த்தி என்று போட்டிருந்தது. உன் பக்கத்தில் நிற்கிற ஆர்த்தி அக்காவை எனக்குத் தெரியாதா? உன் காரியத்துக்கு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதவர் அவர். அவருக்குக் கீழே அடுத்தவர் பெயர். அடுத்தவருக்கு அதற்கும் அடுத்தவர் பெயர். படத்தில் நீ இருக்கிறாய், பட்டியலில் இல்லை. அதனால் வரிசை முழுக்க ஒவ்வொருவரும் பக்கத்து ஆளின் பெயரில் நின்றார்கள். கடைசி ஆளுக்குப் பெயரே மிஞ்சவில்லை.

"இந்த வரிசையில ஒரு ஆளு ஜாஸ்தியா இருக்கு," என்றார் பிரவீன் அண்ணா. "பக்கத்து கிளாஸ் பொண்ணு எதுனா ஓசில வந்து நின்னுருக்கும். கடைசி ஆள கட் பண்ணிடவா?"

பேசாமல் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. நீ ஆர்த்தியாக அச்சேறி, ஆர்த்தியாகவே இருந்துவிடுவாய். அப்புறம் நீ அங்கே படித்ததற்கு எது சாட்சி?

"அவங்கள வெட்டாதீங்கண்ணா. மொத ஆளு ஆர்த்தி இல்ல."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்? நீ அப்ப ஸ்கூல்ல பெஞ்சு தேச்சுட்டு இருந்திருப்ப."

"அது எங்க அக்கா."

"அட, அப்ப வேல முடிஞ்சுது! அவுங்களுக்கே போனப் போடு. யாரு யாருன்னு வரிசையாச் சொல்லிருவாங்க."

போன் என் பையிலேயே இருந்தது. கீர்த்தனா அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு பட்டியலைப் பார்த்தார். பிரவீன் அண்ணாவுக்கும் புரிந்துவிட்டது போல. தண்ணீர் பிடிக்க எழுந்து போனவர் நெடுநேரம் வரவில்லை.

வந்ததும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்தப் படத்தையே எடுத்துடலாம்மா. ஒனக்குப் பாக்கப் பாக்கக் கஷ்டமா இருக்கும்ல."

அன்பாகத்தான் சொன்னார். எனக்கு உயிரே போய்விட்டது. "வேணாம்ணா. எடுத்துடாதீங்க. பேரு போட்டா போதும்."

"பேரு போடுறோம்," என்றார் கீர்த்தனா அக்கா. "ஆனா மலரப் பாத்து கையெழுத்துப் போடற சார் கேப்பாரு. பேருக்கு முன்னாடி 'மறைந்த'ன்னு போடணுமா சுபா? வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறியா?"

அன்று பஸ்ஸில் எந்த ஹாரனும் என் காதில் விழவில்லை. எப்படிக் கேட்பது என்ற பயம் மற்ற பயத்தையெல்லாம் தின்றுவிட்டது. அம்மா குழாயடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்பா கிரீஸ் போகக் கை தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளே போகட்டும் என்று காத்திருந்தேன். போகவில்லை. அவர் காதில் விழும்படியே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை. மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த போட்டோ எடுக்கறப்ப அவ உசுரோடதான இருந்தா?"

"ஆமாம்மா."

"அப்பறம் எதுக்கு அப்பிடிப் போடணும்? வெறும் பேர மட்டும் போடச் சொல்லு."

அப்பா குழாயை மூடினார். உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். "இனிஷியல வுட்டுடப் போறானுங்க. இனிஷியலோட போடச் சொல்லு," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை அக்கா.

மறுநாள் க. அபிநயா என்று நானே தட்டச்சு செய்தேன். ஆர்த்தி அக்கா தன் பெயருக்குத் திரும்பினார். கடைசி அக்கா வரைக்கும் எல்லோருக்கும் அவரவர் பெயர் கிடைத்தது. பிரவீன் அண்ணா பக்கத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இப்போதெல்லாம் அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவதில்லை. கூப்பிடலாம் என்று எப்படிச் சொல்வது?

இனி பக்கம் சாரிடம் போக வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அச்சகத்துக்கு. படித்து முடிக்காதவர் பெயர் எதற்கு என்று கேட்பாரோ? ஒரு கோடு போட்டு அடித்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? அப்பாவிடம் போய் நான் என்ன சொல்வேன்?

அதனால் சாரிடம் நானும் வருகிறேன் என்று கீர்த்தனா அக்காவிடம் சொல்லிவிட்டேன். சார் கேட்டால், அம்மா சொன்னதை அப்படியே சொல்வேன். குரல் நடுங்கும், அழுதாலும் அழுதுவிடுவேன். ஆனால் உன் பெயர் இருக்கும் பக்கத்தில் அவர் கையெழுத்துப் போடாமல் அந்த அறையைவிட்டு வர மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் தங்கச்சி,
சுபா